அழைப்பு எப்படி வழி தேடுகிறது?

நூறு தொலைபேசிகளையும் ஒன்றோடொன்று தனித்தனிக் கம்பியால் இணைக்க 4,950 கம்பிகள் வேண்டும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தால் நூறே போதும். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878இல் இப்படிக் கம்பிகள் வந்து சேரும் இடமான இணைப்பகம், வணிக முறையில் முதன்முதலாக 21 சந்தாதாரர்களுடன் தொடங்கியபோது, இணைப்புப் பலகையின்முன் அமர்ந்திருந்த மனிதரே இணைப்பைக் கொடுத்தார். இணைப்பகங்கள் பெருகிய பிறகு, எந்த இணைப்பகங்களைக் கடந்து செல்வது என்பதை இயந்திரமே முடிவு செய்யத் தொடங்கியதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது.

ஆல்மன் ஸ்ட்ரோஜர் (அவர் பொறியாளர் அல்லர், ஈமச்சடங்குத் தொழில் நடத்தியவர்) 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி முறையின் வழிவந்த இணைப்பகங்களில், எண்ணைச் சுழற்றச் சுழற்ற சுவிட்சுகள் படிப்படியாக நகர்ந்து பாதையை அமைத்தன. ஆனால் சுழற்றிய எண்ணை அவை எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. ஆகவே நடுவழியில் ட்ரங்க் லைன்கள் (இணைப்பகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகள்) நிரம்பியிருந்தால், பின்வாங்கி வேறு வழியை முயல இயலாது. பின்னர் வந்த கிராஸ்பார் இணைப்பகங்கள் எண் முழுவதையும் ரெஜிஸ்டர் என்ற நினைவுக் கருவியில் வாங்கி வைத்துக்கொண்டு, காலியான பாதையைப் பார்த்த பிறகே இணைத்தன. நினைவு வைத்துக்கொள்ள முடிந்ததால்தான் மாற்றுவழி சாத்தியமாயிற்று.

இந்த மாற்றுவழித் திட்டத்தில் ஒரு விநோதமான சிக்கனம் உண்டு. பேச்சு மிகுந்த இரண்டு இணைப்பகங்களுக்கு இடையே நேரடி ட்ரங்குகளை, நெரிசல் நேரத் தேவையைவிடக் குறைவாகவே வேண்டுமென்று அமைப்பார்கள். ஒரே இரு இணைப்பகங்களுக்கு இடையிலான ட்ரங்க் தொகுதியின் கடைசி சில லைன்கள் பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும் என்பதால், அவற்றுக்குச் செலவிடுவதைவிட, வழிந்தோடும் அழைப்புகளை மேல்நிலை இணைப்பகத்துக்கு அனுப்பி, பல திசைகளிலிருந்தும் வருபவற்றோடு ஒரே பெரிய தொகுதியில் சேர்ப்பது மலிவு. எத்தனை லைன்களுக்கு எத்தனை அழைப்புகள் மறுக்கப்படும் என்பதைக் கணிக்கும் சூத்திரத்தை டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் 1917இல் வெளியிட்டார். ஏடி&டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் இதற்காகவே தன் இணைப்பகங்களை ஐந்து படிநிலைகளாக அடுக்கியிருந்தது; மேலே செல்லச் செல்ல, வேறு போக்கிடமில்லாத அந்த இறுதித் தொகுதிகளில் மட்டும் லைன்களைத் தாராளமாக வைத்தார்கள்.

அக்காலத்தில் எண்களைச் சொல்லும் சமிக்ஞையும் குரல் செல்லும் ட்ரங்கிலேயே சென்றது. எதிர்முனை பேச்சிலிருந்தால், எங்கேஜ்ட் ஒலி அங்கிருந்தே வரும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வரை வழிநெடுக ட்ரங்குகள் வீணாகப் பிடிபட்டிருக்கும். 1970களில் சமிக்ஞைக்குத் தனித் தரவுவழி அமைக்கப்பட்ட பின், லைன் காலியில்லை என்ற செய்தி நொடிப்பொழுதில் திரும்பிவிடுகிறது. ட்ரங்குகள் உடனே விடுபடுகின்றன. எங்கேஜ்ட் ஒலியை அழைத்தவரின் சொந்த இணைப்பகமே எழுப்புகிறது.