பற்றரிக்கு வெயில் காட்டும் மாமா

எங்கள் வீட்டுக் கரண்ட் சைக்கிளை ஓட்டுவது பெரும்பாலும் நான், அதன் பற்றரிக்கு வைத்தியம் பார்ப்பது மாமா. கேட்காத வைத்தியம்.

மாமா 1990களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு அசையாதவர். கரண்ட் கிடையாது, ரோச் பற்றரி உள்ளே வராது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ வேலை செய்ய, சுற்றிவர இருந்து பிபிசி தமிழோசை கேட்ட ஆட்கள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்த கைகள் அவை. அவரிடம் போய் லித்தியம் பற்றரிக்கு நான் வகுப்பெடுத்தால் எடுபடுமா?

ஒரு நாள் மத்தியானம் வந்து பார்க்கிறேன், முற்றத்துப் பாயில் பனங்கிழங்கு ஒடியல் காய்கிறது, பக்கத்தில் பற்றரியும் காய்கிறது. தொட்டால் தோசைக்கல். நடுவில் ஒருக்கால் புரட்டியும் விட்டிருக்கிறார்!

"மாமா, இதுக்குச் சூடுதான் சத்துரு. 45 பாகைக்கு மேல சூடாயிருக்கேக்க சார்ஜும் போடக்கூடாது, ஆறவிட்டுத்தான் போடவேணும்."

"தம்பி, வெயில் காட்டினால்தான் பற்றரிக்கு உசார் வரும். நாங்கள் காணாத பற்றரியோ?"

அவருடைய இரண்டாவது சட்டம், அடிமட்டம்வரை இறங்கினபிறகுதான் சார்ஜ் போடவேண்டும் என்பது. அது பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக்குச் சொன்ன கதை. லித்தியத்தை அப்படி வெறுமையாக்கினால் ஆயுள்தான் குறையும், 20 வீதத்துக்குக் கீழே விடாமல் அப்பப்போ போட்டுக்கொண்டால் போதும். 36 வோல்ட், 10 அம்பியர் மணி, முழுக்க ஏற்றினாலும் அரை யூனிட் கரண்ட் பிடிக்காது. ஆனால் மாமா சுவிட்சை நிற்பாட்டிவிட்டுப் போவார். மிச்சம் பிடிக்கிறாராம்.

போன சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், வேலணைத் தீவில் ஒரு அந்தியேட்டி, செத்தவருக்குச் செய்கிற சடங்கு. கரண்ட் சைக்கிளில்தான் வருவேன் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். சைக்கிள் திரையில் சார்ஜ் இரண்டு கோடுதான் இருந்தது. மாமியை ஏற்றிக்கொண்டு நான் பின்னால் மோட்டார் சைக்கிளில். மாமா பெடலில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு, கைப்பிடியை முழுக்க முறுக்கிப் பிடித்தபடி, கோயில் தேர் போகிற தோரணையில், கடலுக்குக் குறுக்கே வேலணைக்குப் போகிற பண்ணைப் பாலத்தில் ஏறினார். கொஞ்சம் உழக்கிக் கொடுத்தால் மோட்டருக்குச் சுமை குறையும், பற்றரியும் தூரம் போகும் என்று கத்தினேன். "உழக்கிறதெண்டால் என்னத்துக்குக் காசு குடுத்து வாங்கினது?" என்று பதில் காற்றில் வந்தது.

அந்த வெட்டைவெளியில் சோளகம் முகத்தில் அறைந்தால் ஆளே நிற்கமாட்டான், இரண்டு கோடு எந்த மூலைக்கு? ஒன்றானது, மினுங்கியது, அணைந்தது.

"பாவம், அவரையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார் மாமி. பிறகு, "வேண்டாம், உழக்கட்டும்" என்றார்.

உழக்கினார். இருபது கிலோவுக்கு மேல் பாரமான சைக்கிளை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிர்காற்றில், வேலணைவரை. எங்கும் இறங்கவில்லை. போனதும் பந்தலில் இருந்த ஆட்கள் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு எப்படி ஓடுது என்று கேட்டார்கள்.

மாமா ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "திறம் சைக்கிள். அந்தப் பற்றரி ஒண்டுதான் தேவையில்லாத பாரம்."