ஓடின படத்தை ஏன் தொடுகிறார்கள்?

1998-இல் கஸ் வான் சாண்ட் 'சைக்கோ'வை மறுபடி எடுத்தார். ஹிட்ச்காக்கின் 1960 படம்தான், ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட். ஜோசப் ஸ்டெஃபானோவின் அதே திரைக்கதை, பெர்னார்ட் ஹெர்மனின் அதே இசை. நடிகர்கள் மாறினார்கள், கலர் வந்தது. கதாநாயகி திருடும் 40,000 டாலர், விலைவாசிக்கு ஏற்ப 4 லட்சமானது. நகரத்தின் மேல் பறந்து வந்து ஹோட்டல் ஜன்னலுக்குள் ஒரே மூச்சில் நுழையும் ஷாட்டோடு ஆரம்பிக்க ஹிட்ச்காக் ஆசைப்பட்டார். அன்றைய வசதியில் முடியவில்லை. வான் சாண்ட் அதையும் எடுத்துக் காட்டினார். அப்படியும் படம் தேறவில்லை.

காரணம் எளிது. 1960-இல் ஜேனட் லீயைக் கதாநாயகி என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களின் கண்முன்னே, படம் பாதியைத் தொடும் முன்பே அவரைக் குளியலறையில் கொன்றார்கள். ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடாதே என்று தியேட்டர்களுக்குக் கண்டிப்பு வேறு. 1998-இல் டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் குளியலறையில் என்ன நடக்கும் என்று தெரியும். 1960-இல் கொலைகாரனாக வந்த ஆந்தனி பெர்கின்ஸ் ஒல்லியான, கூச்சப்படும் பையன். பார்த்தால் பாவமாக இருக்கும். 1998-இல் அதே வேடத்தில் வந்த வின்ஸ் வானோ வாட்டசாட்டமான ஆள், வந்து நின்றதுமே சந்தேகம் தட்டுகிறது. கறுப்பு வெள்ளையில் சாக்லேட் சிரப்பே ரத்தமாக ஓடி வயிற்றைக் கலக்கியது. கலரில் அது வெறும் சிவப்பு.

'லயன் கிங்' கதை வேறு மாதிரி. 88 நிமிடம் ஓடிய 1994 படம், 2019-இல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் 118 நிமிடம் ஆனது. கூடுதல் அரைமணி நேரத்தில் புதிதாக ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. கையால் வரைந்த சிங்கத்துக்குப் புருவம் உண்டு, உதட்டைச் சுழிக்கும், கண்ணால் கேலி பேசும். நிஜச் சிங்கத்தின் முகம் அப்படியெல்லாம் அசையாது. நிஜம் போலவே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே நடிப்பு போய்விட்டது. பச்சைப் புகையும் கழுதைப்புலிகளின் அணிவகுப்புமாக வில்லன் சிங்கம் ஸ்கார் பாடிய பாட்டு, ஏறக்குறைய வசனமாகச் சுருங்கிவிட்டது. வசூல் மட்டும் 160 கோடி டாலருக்கு மேல். அப்புறம் யார் நிறுத்துவார்கள்?

ரீமேக் என்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. 1941-இன் 'தி மால்டீஸ் ஃபால்கன்', ஒரே நாவலை வைத்து அதே வார்னர் நிறுவனம் எடுத்த மூன்றாவது படம். முதல் இரண்டை இன்று யார் பார்க்கிறார்கள்?

இன்னும் நல்ல உதாரணம் ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982). மூலக்கதை 1938-இல் ஜான் கேம்பல் எழுதியது: அன்டார்க்டிகா முகாமில் ஓர் ஜந்து, யாரை விழுங்குகிறதோ அவராகவே மாறிவிடுகிறது. 1951-இல் முதல் முறை படமாக்கியபோது அந்த உருமாற்றத்தையே விட்டுவிட்டு, தாவர வகையைச் சேர்ந்த ஓர் உயரமான ஆளாக ஜந்துவை மாற்றிவிட்டார்கள். அதாவது கதையின் முக்கியமான முடிச்சு முப்பது வருஷம் யாரும் தொடாமல் அப்படியே கிடந்தது. கார்பென்டர் அதை எடுத்தார். ஆட்களைக் கட்டிப்போட்டு, ஒவ்வொருவர் ரத்தத்தையும் தட்டில் எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதில் வைத்துப் பார்க்கும் காட்சி போதும். மனித ரத்தம் சும்மா பொசுங்கும். ஜந்துவின் ரத்தம் துள்ளி ஓடும். கம்பி ஒவ்வொரு தட்டாக நகரும்போது யார் மனிதன் என்று நமக்கும் தெரியாது.

எடுப்பதானால் இப்படி, பாதி வெந்த படங்களை எடுக்க வேண்டும். ஆனால் அவற்றுக்குப் போஸ்டரில் போடப் பெயர் கிடையாது. பெயரே இல்லாததை விற்பதற்கு, புதுக் கதையை விற்கிற அதே விளம்பரச் செலவு ஆகும். அதனால்தான் கை எப்போதும் ஓடின படத்துக்கே போகிறது.

'தி திங்' வெளியானபோது சரியாக ஓடவில்லை. வருஷங்கள் கழித்துத்தான் பெயர் வாங்கியது. பெயர் வந்ததும் 2011-இல் அதற்கு முன்கதை என்று ஒன்று வந்தது, தலைப்பைக்கூட மாற்றாமல். படப்பிடிப்புக்காகச் செய்த ரப்பர் ஜந்துகளில் பெரும்பாலானவற்றைப் பிறகு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸால் மூடிவிட்டார்கள்.