மல்லாட்டை விளைகிற வீட்டில்

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப்பக்கம் என் மாமனார் வீட்டில், ஆனி பிறந்ததும் விதைக்கென்று எடுத்து வைத்த மல்லாட்டை (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) மூட்டைகளை அவிழ்த்துத் தாழ்வாரத்தில் கொட்டி, வீட்டில் இருக்கிற எல்லாரும் சுற்றி உட்கார்ந்து உரிப்போம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐந்து மாதக் குழந்தையாக இருந்த என் மகள் அதே தாழ்வாரத்தில் தூளியில் கிடந்தாள். அவள் அழுதால் அருகில் இருப்பவர் எழுந்து தூக்குவார். கையில் ஒட்டிய தூளைப் புடவையில் துடைத்துக்கொள்வதோடு சரி. அப்போது அவளுக்கு இரு கன்னங்களிலும் முழங்கை மடிப்புகளிலும் கரப்பான் என்னும் தோல் அழற்சி (எக்சிமா) கண்டு நீர் கசிந்துகொண்டிருந்தது.

"கரப்பான் பண்டம் எதையும் குடுத்துடாதம்மா, மொதல்ல இது அடங்கட்டும்" என்றார் அத்தை. கரப்பானைக் கிளப்பும் என்று ஒதுக்கும் பண்டங்கள் அவை; கத்தரிக்காய், கருவாடு, மல்லாட்டை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. நானும் இரண்டு வயது கடந்தும் ஒரு பருப்பைக்கூட அவள் வாயில் படவிடாமல் காத்தேன்; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டே கால் வயதில் ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் கடலை உருண்டையில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்தான். பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கி, கழுத்திலிருந்து வயிறு வரை தடிப்புத் தடிப்பாக எழும்பி, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். முதலில் போன சிறிய மருத்துவமனையில் அரிப்புக்கான ஊசி மட்டும் போட்டு, தடிப்பு அடங்கியதும் அனுப்பிவிட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து இருமலும் இளைப்புமாகத் திரும்ப வந்தது. வேறொரு மருத்துவமனையில், தொடையின் வெளிப்பக்கத் தசையில், கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் அவளுக்கு மூச்சு சீரானது.

அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரத்துக்குப் பின் மறுபடி கிளம்பக்கூடும் என்பதும், அரிப்பு மாத்திரையும் மருந்தும் தோலின் தடிப்பைக் குறைக்குமே தவிர மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தன.

வாயில் படாத பண்டம் எப்படி ஒவ்வாமல் போகும் என்ற என் கேள்விக்கு மருத்துவர் தந்த விளக்கம், நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காவலையே கேள்விக்குள்ளாக்கியது. கரப்பானால் வெடித்த தோல் வழியாக மல்லாட்டையின் புரதம் முதன்முதலில் உடலுக்குள் நுழைந்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகக் குறித்து வைத்துக்கொண்டு ஐஜிஈ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. பிறகு எப்போதாவது தின்னும்போது அந்த எதிர்ப்பொருள், தடிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளை உடலுக்குள் கொட்டவைக்கிறது. அதே புரதம் கைக்குழந்தைப் பருவத்தில் குடல் வழியாகப் பழகினால், உடல் அதைச் சோறாக ஏற்றுக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். என் மகளுக்கு இப்படித்தான் நேர்ந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தாழ்வாரத்தையும், வாயை மட்டும் காத்துத் தோலைக் காக்காத என்னையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை வேண்டாம் என்றுதான் சொன்னது; 2008இல்தான் அதைக் கைவிட்டது. அதே ஆண்டில், கடலைப் பண்டத்தைச் சின்ன வயதிலேயே தின்னும் இஸ்ரேலின் யூதக் குழந்தைகளைவிடப் பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை ஏறத்தாழ பத்து மடங்கு என்று ஓர் ஆய்வு காட்டியது. அதைத் தொடர்ந்து லண்டனில் கிடியோன் லாக் குழுவினர், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐந்து வயது வரை கடலை கொடுத்தும் மறுபாதிக்கு விலக்கியும் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவுப்படி, தொடக்கத்தில் கடலைச் சாற்றைத் தோலில் லேசாகக் குத்திப் பார்த்த சோதனையில் எதிர்வினை இல்லாதவர்களில், விலக்கியவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கும் தின்றவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை இருந்தது.

எனவே மகன் பிறந்தபோது வேறு வழியில் போனோம். கரப்பான் தலைகாட்டியதுமே தோலுக்கு ஈரப்பதக் களிம்பும் மருந்தும் தடவி அடக்கினோம். மல்லாட்டை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமானது. சானிடைசர் போதாது, அது புரதத்தை அகற்றுவதில்லை. ஐந்தாம் மாதத்தில் தோல் சோதனை செய்து மருத்துவர் சரியென்ற பிறகு, வறுத்துத் தோல் நீக்கி மாவாக அரைத்த மல்லாட்டையைக் கேழ்வரகுக் கூழில் கரைத்து முதலில் நாக்கில் ஒரு சொட்டு வைத்துக் காத்திருந்து, பின் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரம் மூன்று முறை என்று நிலைப்படுத்தினோம். தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, அக்காள் பள்ளிக்குப் போன பிறகுதான் ஊட்டல். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு இதை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. முழுப் பருப்பை எந்தச் சிறு குழந்தைக்கும் கொடுக்கவே கூடாது. அது மூச்சுக்குழலில் போய் அடைக்கும், அது ஒவ்வாமையே இல்லாத வேறு ஆபத்து.

மகளின் காவல் இன்னும் சிக்கலானது. எங்கள் ஊரில் மல்லாட்டை கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிற இடங்கள் ஏராளம். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் கத்தரிக்காயில் பல சமையல்காரர்கள் அதை எள்ளோடு அரைத்துச் சேர்ப்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் என் நாத்தனார் கடைசி நேரத்தில் அவள் இலையிலிருந்து அதை வழித்தெடுத்தார். கோயில் புளியோதரை, தட்டை, மிக்சர் எல்லாம் அதே கதை. பாக்கெட்டில் விற்கும் உணவில் கடலை இருந்தால் அச்சிட்டுச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தள்ளுவண்டிக்கும் பந்திக்கும் அச்சு ஏது? செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பரம்பரையாக மல்லாட்டை எண்ணெயில் சமைத்த வீடு நல்லெண்ணெய்க்கு மாறியது. மாமனாருக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. பயந்த உறவினர்கள் துவரம் பருப்பையும் நிறுத்தச் சொன்னார்கள். மல்லாட்டை அவரைக் குடும்பத்துச் செடிதான். ஆனால் அதனாலேயே எல்லாப் பருப்பையும் விலக்கத் தேவையில்லை. அவள் பருப்புச் சோறு நன்றாகவே சாப்பிடுகிறாள்.

தானாகக் குத்திக்கொள்ளும் அட்ரினலின் ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. குப்பியும் சிரிஞ்சும் கொடுத்து, அவள் எடைக்கு எத்தனை புள்ளி என்று அட்டையில் எழுதி, ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக்கினார்கள். தடிப்போடு வாந்தியோ இளைப்போ சேர்ந்தால் யோசிக்காமல் தொடையில் போட வேண்டும். குழந்தையைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும், மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம், தோளில் நிமிர்த்திப் போட்டு ஓடக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இரண்டாவது ஊசி. வேலூர் வெயிலில் மருந்துப் பையை வண்டிப் பெட்டியில் விட்டால் மருந்து வீணாகும். ஆகவே பை எப்போதும் அவள் ஆசிரியையின் மேசை இழுப்பறையிலோ என் தோளிலோ இருக்கிறது.

இந்த ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வளர வளர அது விலகுகிறதாம். அடுத்த ஆண்டு மருத்துவமனையிலேயே வைத்துச் சிறிது தின்னக் கொடுத்துப் பார்க்கலாமா என்று சோதித்து முடிவு செய்வார்கள். இந்த ஆனியில் விதை உரிப்பு தாழ்வாரத்தில் நடக்கவில்லை. மூட்டைகளைக் களத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார் மாமனார்.