பாதி ஹீப்ரூ, பாதி அம்ஹாரிக்

இஸ்ரேலுக்குப் போகிறோம் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது சண்டையைப் பற்றித்தான். பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கும் அந்த நினைப்பே வரவில்லை. என் கணவருக்கு வைஸ்மன் நிறுவனத்தில் ஆய்வு வேலை. 2013இல் ரெஹோவோத்தில் குடியேறினோம். டெல் அவிவுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோப்புகளுக்குப் பேர்போன ஊர். வெள்ளிக்கிழமை மதியத்தோடு கடைகள் மூடிவிடும், பஸ்ஸும் நின்றுவிடும். கறிவேப்பிலை வேண்டுமென்றால் ரம்லா வரை போக வேண்டும். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த யூதர்கள் நிறையப் பேர் இருக்கும் ஊர் அது. வெந்தயத்துக்கு மட்டும் அலைச்சலே இல்லை. ஏமன் யூதர்கள் அதை ஊறவைத்து அரைத்து, நுரைக்க அடித்து, ஹில்பே என்று ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்.

ஹீப்ரூ கற்றுக்கொள்ள உல்பான் வகுப்பில் சேர்ந்தேன். ரஷ்யாவிலிருந்து வந்த பொறியாளர், பிரான்சிலிருந்து வந்த தாயும் மகளும், அர்ஜென்டினாக்காரர்கள், நடுவில் நான். பாடம் அலுத்துப்போகும் நேரத்தில் ஆசிரியை பாட்டுப் போடுவார். அப்படித்தான் இஸ்ரேல் இசைக்கலைஞர் இடான் ரைக்கேல் அறிமுகமானார். 2002இல் வந்த அவருடைய முதல் ஆல்பம். புலம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் வேலை பார்த்தபோது, எத்தியோப்பியப் பிள்ளைகள் கேட்கும் பாட்டு அவர் காதில் விழுந்திருக்கிறது. அப்புறம் கஃபார் சபாவில் பெற்றோர் வீட்டு நிலவறையில், பல ஊர்ப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் கூட்டி வைத்துப் பதிவு செய்தார். மெதுவான காதல் பாட்டுகள், எளிய ஹீப்ரூ. எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குத் தோதானது. அந்த வரிகளுக்கு நடுவே எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் குரல்கள் வந்து போகும்.

பிரெஞ்சுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரஷ்யப் பொறியாளர், "இது ஹோட்டல் வரவேற்பறையில் போடுகிற சங்கீதம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் கையைத் தூக்கி, அம்ஹாரிக்கில் என்ன பாடுகிறார்கள் என்று கேட்டேன். ஆசிரியைக்கும் தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக அந்தப் பாட்டைக் கேட்டு வருகிறவர். "அழகாக இருக்கிறதே, போதாதா?" என்றார்.

பதில் கிடைத்தது என் மகளின் மழலையர் பள்ளியில். அங்கே உதவியாளராக இருந்த பெண் கிர்யாத் மோஷேக்காரர். ரெஹோவோத்தில் எத்தியோப்பியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. 1991 மே மாதம், 36 மணி நேரத்தில் 14,000 எத்தியோப்பிய யூதர்களுக்கும் மேல் அடிஸ் அபாபாவிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள் அல்லவா, அதில் கைக்குழந்தையாக வந்தவர். வரிகளை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாட்டு வந்த காலத்தை நினைவுகூர்ந்தார். அதுவரை வானொலியில் அவர்கள் மொழி கேட்டதெல்லாம் குடியேறிகளுக்கென்று ஒதுக்கிய அலைவரிசையில்தான். எல்லோரும் கேட்கும் நிலையத்தில் அம்ஹாரிக் வந்தபோது அவருடைய அப்பா ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினாராம்.

"ஆனால் கவனித்தாயா, கதையெல்லாம் ஹீப்ரூவில் வருகிறது. எங்கள் மொழிக்கு ஓரத்து ஹம்மிங்தான்" என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஈழத்தமிழ் வம்சாவளி பிரிட்டிஷ் பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் தன் ஆல்பத்தில் 'தளபதி' படப் பாட்டின் துண்டு ஒன்றைச் சேர்த்தபோது எனக்குள் ஓடியதும் இதே இரட்டை நினைப்பு. நம்ம ராஜா உலகமெல்லாம் கேட்கிறார் என்ற பூரிப்பு ஒரு பக்கம், அவர்களுக்கு இது வெறும் சத்தம்தானே என்ற குடைச்சல் இன்னொரு பக்கம்.

2015 வசந்தத்தில், சீருடையில் இருந்த எத்தியோப்பிய வம்சாவளிச் சிப்பாய் ஒருவரைப் போலீஸ்காரர்கள் அடித்த காணொளி பரவியது. டெல் அவிவில் ராபின் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். மழலையர் பள்ளி உதவியாளரும் போயிருந்தார். மறுநாள் பள்ளியில் பிள்ளைகளின் கஞ்சிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே, "எங்கள் பாட்டைக் கேட்க மட்டும் நன்றாகத் தெரிகிறது" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

அரபி வந்தால் கதையே வேறு. 2014 கோடையில் காசாவில் போர். அங்கே 2,000 பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். இங்கே சைரன் ஒலிக்கும்போதெல்லாம் நாங்கள் படிக்கட்டடிக்கு ஓடினோம். அந்த நாட்களில் வகுப்பில் அரபி கலந்த பாட்டு ஒன்று ஒலித்தபோது ஒருவர் எழுந்து வெளியே போனார். 2009இல் யூதப் பாடகி நோவாவும் அரபுப் பாடகி மீரா அவ்வாதும் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டி மேடையில் ஹீப்ரூ, அரபி, ஆங்கிலம் கலந்து பாடியதற்கும் வசை வராமல் இல்லை. அந்தச் சமயம் காசாவில் நடந்த போருக்கு நல்ல முகமூடி போடுகிறாய் என்று அவ்வாதை அரபுக் கலைஞர்கள் மட்டுமல்ல, யூதக் கலைஞர்களும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஏமன் பாட்டி ஒருவர் இருந்தார். சனிக்கிழமை காலையில் இரவெல்லாம் அடுப்பில் வெந்த ஜஹ்னூன் என்ற மாவுச் சுருளைத் தட்டில் போட்டு மேலே அனுப்புவார். மொழி கலந்து பாடுவது இந்தக் காலத்துப் புதுமை என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். 17ஆம் நூற்றாண்டுக் கவி ஷாலோம் ஷபாஸியே ஹீப்ரூவையும் அரபியையும் ஒரே பாட்டில் பின்னிவிட்டுப் போனவராம். அவை ஆண்கள் பாடும் பக்திப் பாட்டுகள். பெண்களுக்கு எழுத்து இல்லை, அரபி மட்டும்தான். கல்யாண வீட்டில் வாய்வழியாக வந்ததைப் பாடுவார்கள். அதனால் 1984இல் ஏமன் வம்சாவளிப் பாடகி ஓஃப்ரா ஹாஸா ஏமன் பாட்டுகளை ஆல்பமாக்கி, ஷபாஸியின் கவிதையையும் பாடியது தெருவில் பெரிய பேச்சாகிவிட்டதாம். "ஆண்கள் முணுமுணுத்தார்கள். நாங்கள் கேசட் வாங்கினோம்" என்றார் பாட்டி. நாலு வருஷம் கழித்து அதே பாட்டு டிஸ்கோத் தாளத்தில் ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. அந்த வடிவம் பாட்டிக்குப் பிடிக்கவில்லை. தாளம் எப்படிப் போக வேண்டும் என்று காட்ட, பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, மோதிர விரலால் ஓரத்தையும் உள்ளங்கையால் நடுவையும் தட்டினார். ஏமனில் அவர்களுக்குத் தகரமும் தாம்பாளமும்தான் மேளம்.

மகளின் பள்ளி ஆண்டு முடிந்தபோது அந்த உதவியாளர் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். அஸ்தர் அவேகே, மஹ்மூத் அஹ்மத் என்று முழுக்க முழுக்க அம்ஹாரிக் பாடகர்கள். "கலப்படம் இல்லாமல் கேள்" என்று குறிப்பு வேறு. ஒரு பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் என் கணவர், "இது மோகனம்!" என்று குதித்தார். திசிதா என்ற அந்த எத்தியோப்பியப் பண்ணின் ஐந்து சுரங்கள் மோகனத்தின் சுரங்களேதான். பெருமை பொங்க அந்த உதவியாளரிடம் போய்ச் சொன்னேன். "இல்லை, அது எங்களுடையது" என்றார், கறாராக.