உயிலை நிறைவேற்றச் சம்பளத்துக்கு ஓர் ஆள்: எங்கள் வீட்டு அனுபவம்

அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, உயிரோடு இருந்தபோதே தன் உயிலை நிறைவேற்றும் ஆள் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். "எக்ஸிகியூட்டரா உங்க மூணு பேர்ல ஒருத்தரையும் போடப் போறதில்ல, பங்காளிகளையும் போடப் போறதில்ல." கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனுக்கு இதில் வருத்தம்தான், மூத்த பிள்ளை இல்லையா. ஆனால் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, காலமானபோது சித்தப்பா பொறுப்பெடுத்துப் பார்த்து, அவரிடம் கணக்குக் கேட்டதாலேயே முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குக்கூட ஒன்றாக உட்காராத அளவுக்குப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் யாரும் ரொம்ப வாதாடவில்லை.

ஆள் தேட நான்தான் கூடப் போனேன். முதலில் ஒரு வங்கியைச் சேர்ந்த டிரஸ்டி கம்பெனி. மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் உயிலையும் அவர்களே எழுதவேண்டும், வருடா வருடம் கட்டணம் உண்டு, சென்னை ஃபிளாட்டும் டெபாசிட்டும் என்றால் சரி, செட்டிநாட்டில் எங்கள் பூர்வீகக் கானாடுகாத்தான் வீட்டில் பிரிக்காத ஒரு புள்ளிப் பங்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு உரிய பங்கு, என்றதும் முகம் மாறிவிட்டது. அடுத்து ஒரு ஆடிட்டர், கணக்கில் புலி, கோர்ட் வேலை என்றால் இன்னொருவரை வைக்கவேண்டும் என்றார். கடைசியில் மதுரையில் ஒரு வக்கீல். அப்பச்சியைவிட வயதில் ரொம்ப இளையவர். அது முக்கியம், எழுபது வயது நண்பரை எக்ஸிகியூட்டராகப் போட்டுவிட்டு அவர் முந்திப் போய்விட்டால் என்ன செய்வது? இவரே "எனக்கு ஏதாவது ஆனால்" என்று சொல்லி மாற்று எக்ஸிகியூட்டராக இன்னொருவர் பெயரையும் உயிலில் எழுதவைத்தார். சாட்சிக் கையெழுத்துக்கும் இளவயதுக்காரர்கள் இருவரைத்தான் கேட்டார், பின்னால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்குப் பிரமாணப் பத்திரம் தரவேண்டிவரும் என்று.

சம்பளத்தை மொத்தத் தொகையாகப் பேசி உயிலிலேயே எழுதினோம். சதவீதம் வேண்டாம் என்பதில் அப்பச்சி பிடிவாதமாக இருந்தார். பர்மாத் தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரைக்கும் யார் என்ன விலை போடுவது, கூடப் போட்டால் அவருக்கு லாபம் என்று ஆகிவிடும் இல்லையா. 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், எக்ஸிகியூட்டர் எடுக்கும் கமிஷன் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் என்ற அரசு அதிகாரிக்கு நிர்ணயித்த விகிதத்தைத் தாண்டக் கூடாது என்று இருப்பதையும் அந்த வக்கீல்தான் சொன்னார். தன் கூலிக்கு உள்ள வரம்பைத் தானே சொன்ன ஆள் என்பதால் எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. கோர்ட் கட்டணம், பத்திரிகை அறிவிப்பு, பயணச் செலவு எல்லாம் தனி, பில் உண்டு.

அப்பச்சி போனபிறகு புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் அத்தாட்சி. நாங்கள் செய்த காலத்தில் சென்னைக்குள் சொத்து இருந்தால் அது கட்டாயம், அதனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு. அண்ணனின் சம்மதப் பத்திரம் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று வந்தது. இந்தப் பகுதியில் எனக்கு வேலையே இல்லை, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன், காத்திருந்தேன். அப்புறம் வந்ததுதான் கதை.

உயிலில் "வீட்டிலுள்ள என் சாமான்கள் மூத்த மகனுக்கு" என்று ஒரு வரி. வக்கீல் இரண்டு ஜூனியர்களோடு வந்து இரண்டாம் கட்டு அறையைத் திறந்து பட்டியல் போட ஆரம்பித்தார். "பித்தளை அண்டாக்கள், ஒரு லாட். மங்குச் சாமான், ஒரு லாட்." ஆச்சி, அதாவது என் அக்கா, பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு கட்டத்தில் பொறுக்காமல் சொன்னார்: "இதுல பாதி ஆத்தா சீர் சாமான். அப்பச்சி சாமானே இல்ல." வேறு ஆளாக இருந்தால், உயிலில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் என்று போயிருப்பார். இவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "எப்படிப் பிரிச்சுக் காட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பிரிக்க வழி இருந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரமும் விலாசம், அதாவது உடையவர் பெயரெழுத்து, வெட்டாமல் உள்ளே வராது. ஆத்தா, அதாவது எங்கள் அம்மா, கொண்டுவந்ததில் அவர் பிறந்த வீட்டு விலாசம், அப்பச்சி வாங்கியதில் அவருடையது, ஐயா காலத்துச் சாமானில் ஐயாவுடையது. போதாததற்கு சீர் சாமான் எழுதிய பழைய சிட்டையும் பெட்டகத்தில் கிடைத்தது. வெள்ளிக் கிண்ணம் முதல் இடியாப்பக் கட்டை வரை அதில் இருக்கிறது. ஜூனியர் பையன் டார்ச் அடித்து ஒவ்வொரு விளிம்பாக எழுத்தைப் படிக்க, ஆச்சி சிட்டையில் டிக் போட, மூன்று குவியல் ஆனது. ஐயா விலாசம் போட்டவை பங்காளிகளுக்கும் பொது, அதை இவர் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஆத்தாவின் சீர் ஸ்திரீதனம், அதாவது அவருக்கே உரிய சொத்து. அவர் உயில் எழுதாமல் போனதால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாக நாலு பங்கு, அதில் அப்பச்சியின் கால் பங்கு மட்டும்தான் உயில்வழி அண்ணனுக்குப் போகும். ஆக ஆத்தா குவியலில் பாதி அண்ணனுக்கு, எனக்கும் ஆச்சிக்கும் கால் கால். இதையே நான் சொல்லியிருந்தால் ஆச்சி பேச்சைக் கேட்டு ஆடுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருப்பார். வக்கீல் லெட்டர்பேடில் வந்ததும் "சரி" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினார். நான் கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு "சரி" போதும்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. கடைசி வரை வீட்டைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரப் பெண்மணிக்குச் சம்பளம் பாக்கி இருந்தது. நாங்கள் பிறகு பார்க்கலாம் என்றிருந்தோம். சாவுச் செலவு, கோர்ட் செலவு, அதற்கடுத்து வேலைக்காரருக்குக் கடைசி மூன்று மாதத்துக்குள் உள்ள கூலி, மற்ற கடன்கள் அப்புறம், பிள்ளைகளுக்குப் பங்கு எல்லாவற்றுக்கும் கடைசியில் என்பதுதான் சட்டத்தின் வரிசை என்று சொல்லி அந்தத் தொகையை முதலில் கொடுத்துவிட்டார்.

தகரப் பெட்டியில் கிடந்த காகிதப் பங்குப் பத்திரங்கள்தான் இழுத்துக்கொண்டே போயின. ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காமல் விட்டவை முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விட்டன, அதைத் திரும்பக் கேட்க ஒரு தனிப் படிவம், ஒவ்வொரு கம்பெனியிலும் எழுத்துப்பிழை பார்ப்பார்கள். ஆறுமுகம் என்ற அப்பச்சி பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. வங்கியில் ஆச்சியை நாமினியாகப் போட்டிருந்த டெபாசிட்டையும் உயில்படியே பிரித்தோம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், உரிமை வாரிசுகளுக்கு.

வளவுப் பங்கை, அதாவது கானாடுகாத்தான் வீட்டுப் பங்கை, மட்டும் அவராலும் முடிக்க முடியவில்லை. அப்பச்சியின் பங்கு எங்கள் மூவர் பெயருக்கு வந்தது, அதோடு சரி. முற்றத்தை யார் பழுதுபார்ப்பது, ஓடு மாற்றும் செலவை எத்தனை புள்ளியாகப் பிரிப்பது என்பதெல்லாம் அவர் வேலை இல்லை என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார். போன மாதம் இறுதிக் கணக்கை ஆளுக்கொரு பிரதி அனுப்பினார். அண்ணன் அதில் மதுரை–காரைக்குடி டாக்ஸிச் செலவு ஒன்றுக்கு விளக்கம் கேட்டார், மறுநாளே பில் வந்துவிட்டது. ஓடு மாற்றும் செலவைப் பேச நான் பங்காளிகளைக் கூப்பிட்டிருக்கிறேன், சித்தப்பா மகனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.