கடப்பிதழ் இல்லாமல் ஜோகூர் போன துண்டு

சனிக்கிழமையிலிருந்து ஊரிலிருந்து வந்திருக்கிற அத்தைக்கும் அவர் மகளான என் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே சமையலறையில் நின்றுகொண்டு, உப்பு எங்கே என்று ஹாலில் இருக்கிற என்னிடம் கேட்கிறார்கள். காரணம், மாமாவின் தேங்காய்ப்பூத் துண்டு. துண்டு இப்போது மலேசியாவில் இருக்கிறது. நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம்.

பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போகிற பயணம் என் யோசனை இல்லை, அதுவும் சனிக்கிழமை காலையில். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் எல்லையில் இருக்கிற உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பக்கம் போவதற்குப் பதில் வீட்டில் உட்கார்ந்து மின்சாரக் கட்டணம் கட்டலாம், மனசு நிம்மதியாக இருக்கும். ஆனால் இந்தியக் கடப்பிதழுக்கு மலேசியாவில் இப்போது விசா வேண்டாம் என்று யாரோ அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அதோடு பக்கத்து வீட்டு அக்கா, ஜோகூரில் ஜாலான் தான் ஹியோக் நீ தெருவில் விறகடுப்பில் சுடுகிற வாழைப்பழக் கேக்கை வாங்கிவந்து கொடுத்துவிட்டார். "இத்தனை தூரம் வந்துட்டு ஒரே நாட்டோட ஊருக்குத் திரும்பினா நல்லாவா இருக்கும் மாப்ள?" என்றார் அத்தை. மாப்பிள்ளை என்ன சொல்ல முடியும், இரண்டு பேருக்கும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினேன்.

கிராஞ்சி வரை எம்ஆர்டி ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் நேரம் மிச்சம். அத்தை கேட்கவில்லை. பஸ் புறப்படுகிற இடத்தில் ஏறினால்தான் ஜன்னல் சீட் கிடைக்கும் என்பது அவர் வாழ்நாள் கொள்கை. அதனால் குவீன் ஸ்திரீட் போய் 170 ஏறினோம். ஜன்னல் சீட் கிடைத்தது. ஒரே பஸ் நம்பரில் இரண்டு நாடு என்று மாமாவுக்கு ஒரே பெருமை, ஊருக்கு ஃபோன் போட்டு அண்ணனிடம் சொன்னார். அவர் அண்ணன் மயிலாடுதுறையிலிருந்து, நடுவில் இறங்கி ஏறணுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் குடும்பத்தில் அதை முன்கூட்டியே கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

இந்த இடத்தில் டிஷ்யூ பாக்கெட் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் அத்தையை தேக்கா உணவங்காடிக்குக் கூட்டிப்போனோம். மதிய நேரம், நிற்க இடமில்லை, ஆனால் ஒரு மேசை மட்டும் காலியாக, மேலே ஒரு டிஷ்யூ பாக்கெட். ஆள் பிடித்துவைத்த இடம், உட்காரக் கூடாது என்று பாப்பா பாட்டிக்கு விளக்கினாள். அத்தை மலைத்துப்போனார். கும்பகோணம் பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டுக்காகச் சண்டை போட்டு, துண்டைத் தூக்கி எறிந்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிப் பழகிய மனுஷி. இங்கே முக்கால் டாலர் காகிதத்துக்கு இவ்வளவு மரியாதையா! சாங்கி விமான நிலைய அருவியைப் பார்த்தபோதுகூட அவர் முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை.

உட்லண்ட்ஸில் பஸ் நின்றது. எல்லாரும் எல்லாச் சாமானையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், மேலே போய்க் குடிநுழைவு முடித்துக் கீழே வந்து, அடுத்து எந்த 170 நிற்கிறதோ அதில் ஏற வேண்டும், வந்த பஸ் நமக்காக நிற்காது. கிராஞ்சி தாண்டியதிலிருந்து இதை நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தையும் தலையாட்டிக்கொண்டே வந்தார். தலையாட்டிவிட்டு, இறங்குவதற்கு முன்னால் மாமா தோளிலிருந்து துண்டை உருவி, ஜன்னல் சீட்டில் பாந்தமாக விரித்துவிட்டு வந்திருக்கிறார்.

மனைவியும் பாப்பாவும் தானியக்கத் தடத்தில் முன்னால் போய்விட்டார்கள். நானும் மாமாவும் அத்தையோடு நின்றோம். அத்தை முகத்தைப் படம் பிடிக்கிற கேமராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார், கூரை உட்பட. அதிகாரி வந்து இங்கே பாருங்கம்மா என்றால், அவர் முகத்தைப் பார்த்து, சாப்டீங்களா தம்பி என்கிறார். அந்தத் தம்பி சீனர். அப்புறம் ஒருவழியாக முடிந்து கீழே வந்தால் மனித வெள்ளம். அத்தை வரிசையில் நிற்காமல் நேராகப் போய், கிளம்பத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.

"என்ன அத்தை தேடறீங்க?"

"நம்ம சீட்ட."

நம்ம சீட் எப்போதோ போய்விட்டது. நாங்கள் அடுத்த பஸ்ஸில், ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் பட நின்றுகொண்டு பாலத்தில் ஏறினோம். ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் மொத்த நீளம், 1923-இல் ரயில் ஓட்டிய பாலம், நடந்தால் கால் மணி நேரம். பஸ்ஸில் அதற்கு மேல் ஆனது. இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் சொர்ரென்று போய்க்கொண்டே இருந்தன. மாமா மட்டும் சந்தோஷமாக இருந்தார், ஏனென்றால் அவர் குழாயைப் பார்த்துவிட்டார்.

பாலத்தை ஒட்டிப் பெரிய தண்ணீர்க் குழாய்கள் ஓடும், பார்த்திருப்பீர்கள். மாமா பொதுப்பணித்துறையில் இருந்தவர். ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பானா, திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேருமா என்று கவலைப்பட்டே ஓய்வு பெற்றவர். ஜோகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம், 1962-இல் போட்ட ஒப்பந்தம், 2061 வரை செல்லும், ஆயிரம் கேலன் 3 மலேசியக் காசு என்று சொன்னேன். மாமா வாயடைத்துப்போனார். 3 காசா? ஆயிரம் கேலனா? விலை போதாது என்று மலேசியாவிலும் அவ்வப்போது குரல் எழும், ஆனால் குழாயை யாரும் மூடுவதில்லை என்றேன். "ரெண்டு நாடு, தம்பி. ரெண்டு தனித்தனி நாடு" என்று இரண்டு முறை சொன்னார். அப்புறம் வேர்வையைத் துடைக்கத் தோளைத் தடவினார். துண்டு இல்லை. அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

ஜோகூர்ப் பக்கக் குடிநுழைவில் மனைவி காத்திருந்தாள். முகம் சரியில்லை. மெதுவாக விசாரித்ததில் கதை வெளியே வந்தது. அவளும் பாப்பாவும் ஏறியது அதே பஸ். பஸ் நிறைய கூட்டம், படிக்கட்டு வரை ஆள், ஒரு ஜன்னல் சீட் மட்டும் காலி. மேலே துண்டு. உட்காரப் போன ஒரு பையனை ஒரு சீன ஆன்ட்டி தடுத்து, யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று துண்டைக் காட்டினாராம். அவனும் சரி என்று நின்றுவிட்டான். கடல் தாண்டும் வரை அந்த சீட் காலியாகவே போயிருக்கிறது. துண்டு ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

"அத ஏண்டி நீ எடுத்துக்கல?" என்றார் அத்தை.

"எப்படிம்மா எடுக்கறது? அத்தனை பேரும் அதையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. என்துன்னு நான் எப்படிச் சொல்றது?"

தாத்தா துண்டு என்று சொல்ல வாயெடுத்த பாப்பாவை இவள் கிள்ளியும் இருக்கிறாள். பாப்பா கையைக் காட்டினாள். வெளிநாட்டவர் வரிசையில், நூற்றுக்கணக்கான பேர் நடுவில், பெத்த அப்பன் துண்டைத் தெரியாதுன்னு சொன்னவ என்று அத்தை ஆரம்பித்தார். அங்கே தமிழ் தெரியாதவர்கள் குறைவு என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பி, மகள் செய்தது தப்புதான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

ஊர் சுற்றியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ராஜமாரியம்மன் கோயில், சாப்பாடு, கேக்குக்கு வரிசை. மாமா கை தோளுக்குப் போவதும் இறங்குவதுமாக இருந்ததைப் பார்க்கச் சகிக்காமல் ஜாலான் உங்கு புவானில் ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தால் ஈரோட்டுத் துண்டு.

திரும்பும்போது ஜோகூர் பஸ் நிறுத்தத்தில் கூட்டம் வரிசை என்கிற எண்ணத்தையே கைவிட்டிருந்தது. மாமாவுக்கு முழங்கால் வலி, ஒரு தூணில் சாய்ந்து நின்றார். பஸ் வந்தது. கதவு திறந்ததுதான் தெரியும், என் மனைவி பக்கத்தில் இல்லை. உள்ளே இருந்தாள். நடு சீட்டில் உட்கார்ந்து, ஒரு பக்கம் கைப்பை, ஒரு பக்கம் கேக் டப்பா, எதிர் சீட்டில் காலை நீட்டிவைத்து, "ஆள் வருது! ஆள் வருது!" என்று பஸ் அதிரக் கத்திக்கொண்டிருந்தாள், தமிழில். அலுவலகத்தில் பத்துப் பேரை நிர்வகிக்கிற, வீட்டில் செருப்பு கோணலாகக் கிடந்தால் திருத்திவைக்கிற என் மனைவி.

சின்ன வயதில் மயிலாடுதுறை பஸ் நிலையத்தில் மாமா அவளைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே விடுவாராம். அவள் மூன்று பேர் சீட்டில் குறுக்கே படுத்துக்கொண்டு இதையேதான் கத்துவாளாம். மாமா கூட்டத்தில் நசுங்கி, நடந்துவந்து, நல்ல பொண்ணு என்று தலையைத் தடவிவிட்டு உட்காருவாராம். இதை அவளே சொன்னாள், வீட்டுக்கு வந்த பிறகு. பஸ்ஸில் மாமா ஒன்றும் சொல்லவில்லை. வந்தார், உட்கார்ந்தார், அவள் தலையில் கை வைத்தார். கொஞ்ச தூரத்தில் உட்லண்ட்ஸ் வந்து எல்லாரும் மறுபடி இறங்கினோம் என்பது வேறு விஷயம்.

இதற்குப் பிறகாவது அத்தை சமாதானம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. "ஓடிப்போயி இடம் பிடிக்கத் தெரியுதுல்ல, அப்பறம் துண்ட எடுக்க மட்டும் என்ன வெக்கம்?" என்று என்னிடம் கேட்கிறார், அவளுக்குக் கேட்கிற மாதிரி. ஜோகூருக்கு வரப்போகிற ரயிலில் இந்தத் தொல்லையே இருக்காது, ஏறுகிற பக்கத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும், அஞ்சே நிமிஷம்தான் என்று பேச்சை மாற்றப் பார்த்தேன். அதுல சீட் நம்பர் உண்டா என்று கேட்டார்.

மாமா வேறு, 170 போய்ச் சேருகிற லார்க்கின் பஸ் நிலையத்தில் போய் விசாரித்துவிட்டு வரச் சொல்கிறார். புதுத் துண்டு ஈரத்தை இழுக்கவே மாட்டேன் என்கிறதாம்.