மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்

சிங்கப்பூர் மேக்ஸ்வெல் உணவங்காடி, மதியம் பன்னிரண்டரை. சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று, கையில் சூடான தட்டுகளோடு இடம் தேடி நிற்கிறது. எதிரே ஒரு மேசை காலி. நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும்.

யாரும் மறந்துவிட்டுப் போனதல்ல அது. பஸ் ஜன்னல் வழியே துண்டு போடுகிற அதே கதைதான்.

அதனால் முதலில் மேசை, பிறகுதான் சாப்பாடு. பெரியவர்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்துவிட்டு இரண்டு பேர் வரிசைக்குப் போனால் போதும். 12 மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் மொய்க்கும். பதினொன்றேகாலுக்கே போய்விடுவது நல்லது. சில்லறை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

சைவக்காரர்கள் கவனம். வெறும் கீரை வதக்கல் என்று நினைப்பதில் சிப்பிச் சாறோ இறால் விழுதோ இருக்கும். கேட்டே வாங்குங்கள்.

சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்து 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு, மாற்றி வைத்துவிடாதீர்கள்.

ஏசி உணவகம் என்றால் கணக்கே வேறு. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகை மேல் 9% ஜிஎஸ்டி. 100 வெள்ளிச் சாப்பாடு 119.90 ஆகிவிடும்.

சீன உணவகங்கள் பலவற்றில் வேர்க்கடலையும் ஈரத்துண்டும் கேட்காமலே வரும். அதுவும் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே சொல்லித் திருப்பி அனுப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.